கவிழ்த்த கொப்பரை

அமெரிக்காவாகிய அக்கரையிலிருந்து அடிமைத்தளைக்குத் தப்பிப் படகேறி எங்கள் ஆம்ஹர்ஸ்ட்பர்க்குக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய பெயரை நடு ஆற்றிலேயே களைந்துவிடுவார்கள். கனடா மண்ணில் கால் வைக்கும்போது புதுப் பெயரோடுதான் வைப்பார்கள். கெசியா ஹார்டின் அப்படிச் செய்யவில்லை. சபைப் புத்தகத்தில் என்ன பெயர் எழுதட்டும் என்று மேய்ப்பர் கேட்டபோது, "கெசியான்னு எங்கம்மா வச்சா. எஜமானுங்க வச்ச பேரா இருந்தா ஆத்துல போட்டிருப்பேன்" என்றாள்.

அவள் பிறந்தது கென்டக்கியில், ப்ரெஸ்கட் என்பவரின் சணல் பண்ணையில். தாயைத் தெற்கே பருத்திக் காட்டுக்கு விற்றுவிட்டார்கள். தாய்க்குத் தாயாக அவளை வளர்த்தவள் அக்காள் வைனி. வைனி துணி வெளுப்பவள். கெசியாவுக்கு வாய்த்தது பால் அறை. வீட்டின் அடியில் கல்லால் கட்டிய குளிர்ந்த நிலவறை அது. பாலை ஆடை கட்ட வைப்பதும் வெண்ணெய் கடைவதும் அங்கேதான். அதன் சாவி எஜமானர் இடுப்பில் இருந்தது. அந்த அறையைப் பற்றி எங்களிடம் அவள் அவ்வளவே சொல்லியிருந்தாள். கேட்ட பெண்கள் எவரும் மேலே வினவவில்லை. அவர்களுக்கும் ஏதோ ஓர் அறை இருந்தது.

அவள் தப்பிய வழியும் அவளைப் போலவே நேரானது. ஓடவில்லை. வைனியின் குடிசையில், அடுப்புக்கு முன்னே பலகைக்குக் கீழே, குளிர்காலத்துக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு புதைத்து வைக்கும் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டாள். நாய்கள் ஒஹையோ ஆறுவரை ஓடித் தேடின. அவளோ எஜமானர் இருமுவது காதில் விழும் தூரத்தில் கிடந்தாள். தேடல் ஓய்ந்த பிறகே வடக்கே நடந்தாள். தங்கை எங்கே என்று வைனியைக் கட்டிவைத்துக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்ற ஒன்றையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பொய்யின்மேல்தான் வைனியின் வாழ்வு அன்றுமுதல் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் கெசியா புகையிலைக் காலத்தில் இலை கட்டினாள், மற்ற நாளெல்லாம் துணி வெளுத்தாள். திங்கட்கிழமைகளில் அவளும் ட்ரூசில்லாவும் ஒரே கொப்பரையில் நீர் காய்ச்சுவார்கள். ட்ரூசில்லா விர்ஜினியாவிலிருந்து வந்தவள், வயதில் மூத்தவள். அவள் நாவுக்கு மேய்ப்பரே ஒதுங்கி வழிவிடுவார்.

ஒரு வசந்தத்தில் பாஸ்டனிலிருந்து லாத்ரப் என்றொரு கனவான் வந்தார். வெள்ளையர், அடிமை முறையை ஒழிக்கப் பாடுபடும் சங்கத்தார். மெலிந்த உடல், மை படிந்த விரல்கள், யார் பேசினாலும் சற்றே குனிந்து கேட்கும் பழக்கம். பொல்லாதவர் அல்லர், தம் ஊரில் கல்லடி பட்டவர் என்று கேள்வி. தப்பி வந்த பெண்ணொருத்தியின் வரலாற்றை அவள் வாயாலேயே கேட்டு நூலாக்கவேண்டும் என்பது அவர் கருத்து. "அடிமைகள் நல்லாத்தான் இருக்காங்கன்னு தெற்கத்திக்காரங்க பத்திரிகையில எழுதுறாங்க. மறுத்துப் பேச எங்களுக்கு வாதம் நிறைய இருக்கு. சாட்சிதான் இல்ல" என்றார்.

கெசியா இசைந்தாள். இஸ்திரிப் பெட்டியை நெருப்பில் வைத்து எடுத்தபடியே அவள் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பால் அறையையும் சொன்னாள். அதுவரை எங்கள் பெண்களிடமும் சொல்லாததை அந்த அந்நியரிடம் சொன்னாள். ஏன் என்று ட்ரூசில்லா கேட்டாள். "உன்கிட்ட சொன்னா உனக்கு வலிக்கும். அவர்கிட்ட சொன்னா ஊருக்குத் தெரியும்" என்பது விடை. ப்ரெஸ்கட்டின் பெயர் அச்சில் ஏறவேண்டும், அந்தச் சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதை அவர் மனைவியும் பிள்ளைகளும் வாசிக்கவேண்டும் என்பதே அவள் நூலுக்கு இசைந்த காரணம்.

கோடையில் லாத்ரப் டெட்ராய்ட்டிலிருந்து அச்சுச் சோதனைத் தாள்களோடு திரும்பி வந்தார். எழுத்துக்கள் கோத்தபடி அச்சுக்கூடத்தில் காத்திருந்தன. நூலின் முன்பக்கத்தில் கெசியா தன் கைக்குறியை இடவேண்டும்: இதில் உள்ளதெல்லாம் உண்மை, நானே சொன்னேன் என்று. அவர் விடுதியில் இளைப்பாற, சனிக்கிழமை பிற்பகல் ஆலயத்தில் பெண்கள் தையலோடு கூடினார்கள். சபையின் மூப்பனாய், ஞாயிறுதோறும் சபையாருக்குப் பாட்டை வரி வரியாய் எடுத்துக் கொடுப்பவன் நான் ஆகையால், வாசிக்கும் வேலையும் எனக்கே வந்தது.

தொடக்கத்தில் நகைப்பே மிகுந்தது. கெசியா இஸ்திரி போட்டபடி உதிர்த்த நாலு சொல், லாத்ரப்பின் கையில் நாற்பது சொல்லாகப் பூத்திருந்தது. "என் ஆன்மா துயரக் கடலின் அலைகளில் நடுநடுங்கிற்று" என்று நான் வாசித்ததும் ட்ரூசில்லா ஊசியை நிறுத்தினாள்.

"ஏண்டி, இப்படியெல்லாம் எப்படிடீ பேசினே? என்கிட்ட ஒரு நாளாவது பேசியிருக்கியா?"

"பசிச்சுதுன்னு சொன்னேன் அக்கா. அவர் அதைத்தான் இப்படிப் போட்டிருக்கார்."

"பசிக்கு இம்புட்டு நீளமா? அடுத்த வாட்டி தாகம்னு மட்டும் சொல்லிடாதே. புத்தகம் பைபிளைத் தாண்டிடும்."

பிறகு பால் அறை வந்தது. வந்தது என்பதும் தவறு. "இதற்குமேல் உரைப்பதை நாணம் தடுக்கின்றது, கண்ணியமுள்ள வாசகியர் தாமே உணர்வர்" என்ற ஒற்றை வரியோடு கதை மறுநாட் காலைக்குப் போய்விட்டது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமையாக இருந்தது.

"அவ்வளவுதானா மூப்பரே?" என்றாள் கெசியா.

"அவ்வளவுதாம்மா."

"எனக்கு எந்த நாணமும் தடுக்கலையே. நான் முழுசா சொன்னேனே." அவள் குரல் உயரவில்லை. "சரி, படிங்க."

அடுத்த தாளில்தான் கொப்பரை இருந்தது. குடிசைகளில் கூடிச் செபிப்பது அங்கே குற்றம். காவல் குதிரைக்காரர்கள் காதில் பட்டால் சவுக்கு. ஆகவே துணி வெளுக்கும் இரும்புக் கொப்பரையை வாசலுக்கு உட்புறம் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு விளிம்பைச் சற்றே தூக்கி முட்டுக் கொடுப்பார்கள். பாட்டும் அழுகையும் அதற்குள் இறங்கி அடங்கிவிடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. கிறிஸ்துவின் கல்லறைக் கல்லைவிட அந்த இரும்பை நாங்கள் நன்கு அறிவோம். தாளில் இப்படி இருந்தது: "எங்கள் கொப்பரைக்கு இரண்டே கால்கள். மூன்றாம் கால் ஒடிந்த இடத்தில் பழைய கலப்பைக் கொழு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தோம். செப வேளையில் அந்தக் கொழுவே விளிம்பைத் தாங்கும். அப்பால், அடுப்படிக் குழியில் நான் கிடந்தேன். செபம் என் தலைக்கு மேலே நிகழ்ந்தது."

பெண்கள் தையலை மறந்தார்கள். ஒருத்தி தன் கொப்பரையில் இருந்த விரிசலைச் சொன்னாள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். "எங்க கொப்பரைக்குப் பிடிக்கிற காதே கிடையாது. தூக்கறதுக்குள்ள செபமே மறந்துபோகும்" என்றாள் ட்ரூசில்லா. அந்தக் கண்ணீருக்கும் சிரிப்புக்கும் நடுவே கெசியா மட்டும் அசையாமல் அமர்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்து நூற்கண்டு உருண்டு பலகை இடுக்கில் போய் நின்றது. அதை எடுக்கவும் இல்லை.

"மூப்பரே, அந்தக் கொழு அச்சுல இருக்கா? கலப்பைக் கொழுன்னே இருக்கா?"

"ஆமாம்."

"அது வைனி கொப்பரை." அவள் இரு கைகளாலும் வாயை மூடி, பிறகு எடுத்தாள். "அந்தக் கால் ஒடிஞ்ச அன்னிக்கு எஜமானியம்மாவே நின்னு வைனி முதுகை உரிச்சாங்க. புதுசு வாங்கித் தரமாட்டேன், கொழுவை வச்சு ஓட்டுன்னு சொன்னதும் அவங்கதான். இந்த ஒரு தாளைப் படிச்சாப் போதும். நான் எந்தக் குடிசையில கிடந்தேன்னு தெரிஞ்சுபோகும்."

எவ்வளவு எச்சரிக்கையாக அவள் கதை சொல்லியிருந்தாள்! வழியில் சோறிட்டவர் பெயரைச் சொல்லவில்லை. ஆறு கடத்தியவன் நிறத்தைக்கூடச் சொல்லவில்லை. கொப்பரை மட்டும் நழுவிவிட்டது. எங்களில் எவருக்கும் அது உறைக்கவில்லை. வாசித்த எனக்கும் உறைக்கவில்லை. கொப்பரை இல்லாத குடிசையை நாங்கள் கண்டதில்லை. வானம் இருந்தது என்று சொல்வதால் யாருக்குத் தீங்கு வரும்? அப்படித்தான் அதைச் சொல்லியிருந்தாள்.

லாத்ரப்பை அழைத்து வந்தோம். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு தாளை எடுத்து, அந்தப் பகுதியை மட்டும் தமக்குள் மறுபடி வாசித்தார்.

"கெசியா அம்மா, உங்க கதையிலேயே இதுதான் உயிர். சவுக்கடியை யாரும் கற்பனை பண்ணி எழுதிடலாம்னு சொல்லுவாங்க. இந்தக் கொழுவை யாராலயும் கற்பனை பண்ண முடியாது. இதை எடுத்துட்டா இது இன்னொரு கட்டுக்கதைன்னு எழுதிடுவாங்க."

"இருந்தா வைனியைத் தெற்கே வித்துடுவாங்க, ஐயா."

"அவங்க பார்க்காமலேயே போகலாம்."

"பார்க்கணும்னுதானே என் பேரையும் ப்ரெஸ்கட் பேரையும் போட்டோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெசியா தொடர்ந்தாள்: "நான் சொல்லணும்னு சொன்னதை எடுத்துட்டீங்க. சொல்லக்கூடாததை வச்சிருக்கீங்க. பால் அறை எங்கே ஐயா?"

"அது..." அவர் முகம் சிவந்தது. "இந்தப் புத்தகத்தை எங்க ஊர்ச் சீமாட்டிகள் சங்கம்தான் வாங்கப்போகுது. அந்தப் பகுதி இருந்தா அவங்களால படிக்க முடியாது."

"என்னால அதுல இருக்க முடிஞ்சுது. அவங்களால படிக்க முடியாதா?"

"படிக்க மாட்டாங்கம்மா. மூடி வச்சிடுவாங்க. உங்களைப் பத்தியும் தப்பாப் பேசுவாங்க, ப்ரெஸ்கட்டைப் பேசமாட்டாங்க. இந்த உலகத்தை நான் உண்டாக்கல."

அது உண்மை என்பதை அங்கிருந்த பெண்கள் யாவரும் அறிவார்கள். ஆகையால்தான் அவர்மேல் சினம் கொள்ளவும் வழியின்றி நின்றார்கள். கைக்குறி இட்டால் வைனி போனாள். இடாவிட்டால் நூல் இல்லை. "சாட்சி சொல்ல வந்தவள் பின்வாங்கினாள்" என்று அக்கரைப் பத்திரிகைகள் கொக்கரிக்கும். கொழுவை மட்டும் நீக்கினால் நூல் வெறும் புலம்பலாகிவிடும். எந்தக் கதவைத் தள்ளினாலும் அதன் பின்னே இன்னொரு சுவர். கிழங்குக் குழிக்குள் கிடந்தபோதுகூடப் பலகையைத் தூக்கினால் வெளியே ஒரு வழி இருந்தது என்று அவள் பின்னொரு நாள் சொன்னாள்.

அப்போது ட்ரூசில்லா தையலை மடித்து வைத்தாள். "கொழுதானே ஆபத்து? என் காதில்லாக் கொப்பரையைப் போட்டுக்கோ."

"என் புத்தகத்துல உன் கொப்பரையா? அது பொய்யாயிடும் அக்கா. ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சா எல்லாத்தையும் பொய்னு சொல்லுவாங்க."

"உன்னுதுன்னு ஏண்டி சொல்றே? என்னுதுன்னே சொல்லு. ட்ரூசில்லா மாபின், விர்ஜினியா, எஜமான் பேரு இன்னார்னு எழுதட்டும். எனக்கு அங்க யாரு மிச்சம்? எல்லாரும் செத்தாங்க, இல்ல வித்தாங்க. யாரை அடிப்பாங்க இனிமே?" அவள் சிரித்தாள், நாங்கள் சிரிக்கவில்லை. "இழக்க ஆள் இல்லாதவதான் நல்ல சாட்சி, இல்லையா ஐயா?"

லாத்ரப் மெல்லப் பேனாவை எடுத்தார்.

அந்தப் பிற்பகல் முழுவதும் அதிலேயே கழிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கொப்பரையைச் சொன்னார்கள். உறவெல்லாம் இக்கரை வந்துவிட்டவர்களும், எஜமானர் இறந்து குடிசைகளே கலைந்துபோனவர்களும் ஊரும் பேரும் சேர்த்துச் சொன்னார்கள். அடிப்புறத்தில் விரிசல் ஓடி, சேறு பூசி அடைத்த கொப்பரை ஒன்று. பன்றிக்கொழுப்பு உருக்கியதில் ஒருபக்கம் கருகியது ஒன்று. வாயில் மரக்கட்டை செருகியது ஒன்று. ஒருத்தி எழுந்து வந்தவள், "என் தம்பி அங்க இருக்கான்" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவள் கொப்பரை எழுதப்படவில்லை.

கெசியாவின் பக்கத்தில் "நாங்கள் கொப்பரையைக் கவிழ்த்தோம், நான் ஒரு குடிசையின் குழியில் கிடந்தேன்" என்பதற்குமேல் ஒன்றும் நிற்கவில்லை. குடிசைதோறும் குழி உண்டு. அவள் நூலுக்குள் மற்றவர்களின் கொப்பரைகள் வந்து சேர்ந்தன. அவளுடையது இல்லை.

லாத்ரப் எழுதியதைக் கூட்டிப் படித்துவிட்டுப் பெருமூச்செறிந்தார். "ஒருத்தி சொன்னா கதைன்னு சொல்றாங்க. இத்தனை பேர் ஒண்ணையே சொன்னா மனப்பாடம்னு சொல்லுவாங்க. இருந்தாலும் அச்சுக்கூடத்துல சண்டை போட்டு ஏத்திடறேன்."

"அப்போ பால் அறையும்?" என்றாள் கெசியா.

"அம்மா, சங்கத்துக்காரங்க முன்னால ஒரு சண்டைதான் என்னால போட முடியும். பக்கம் எல்லாம் பிரிச்சு மறுபடி கோக்கணும்னு கேட்கப்போறேன். கூடவே அதையும் கேட்டா ரெண்டும் போயிடும்."

அவள் நெடுநேரம் தாளைப் பார்த்தாள், எழுத்து அறியாத கண்ணோடு. எந்த அறையை உலகறியச் செய்யவேண்டும் என்று வாய் திறந்தாளோ, அந்த அறையின் கதவை அவளே சாத்தவேண்டியிருந்தது, அக்காளின் பொருட்டு. பிறகு பேனாவை வாங்கி, நாணத்தைப் பற்றிய அந்த வரியோடே நிற்கப்போகும் நூலின் முகப்பில் ஒரு சிலுவைக் குறி இட்டாள். மை பரவி அதன் ஒரு கை நீண்டுவிட்டது.

இலையுதிர் காலத்தில் நூல் வந்தது. பாஸ்டன் சீமாட்டிகள் கொப்பரைகளுக்காகக் கண்ணீர் வடித்தார்களாம். கென்டக்கிப் பத்திரிகையொன்று லாத்ரப் அஞ்சியதை அப்படியே எழுதிற்று: கனடாவில் கறுப்புப் பெண்களுக்குக் கொப்பரைப் பாடம் நடத்துகிறார்கள், எல்லாரும் ஒரே குரலில் ஒப்புவிக்கிறார்கள் என்று. நான் அதை வாசித்துக் காட்டியபோது ட்ரூசில்லா, "அடுத்த பாடம் எப்போன்னு கேட்டு எழுதுங்க மூப்பரே, மதியச் சோத்துக்கு முன்னாலேன்னா வரேன்" என்றாள். கெசியா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. அவள் காத்திருந்தது பத்திரிகைக்கு அல்ல, வைனியைப் பற்றிய சேதிக்கு. ஆற்றில் படகு தெரியும்போதெல்லாம் கை நின்றுவிடும்.

பனி விழத் தொடங்கிய பிறகு ப்ரெஸ்கட் பண்ணைக்கு அடுத்த பண்ணையிலிருந்தே ஒரு பெண் வந்தாள். பெயர் லூவினியா, இளையவள், குளிரில் உதடு வெடித்திருந்தது. ஆலய அடுப்பருகே அமர்த்தி வெள்ளைமீன் வறுத்துக் கொடுத்தார்கள். அவள் இரண்டாம் துண்டை முடிக்கும்வரை கெசியா பொறுத்திருந்தாள்.

"ப்ரெஸ்கட் வீட்டு வைனியைத் தெரியுமா உனக்கு?"

"துணி வெளுக்கிற வைனி அக்காவா? தெரியாமலா? இருக்காங்க. கால்தான் வீங்கிப்போச்சு, தூரமா நடக்க மாட்டாங்க."

"விக்கலையே?"

"யாரை விப்பாங்க? ஏதோ புத்தகம் வந்துச்சாம். எஜமானுங்க எல்லாம் கூடிப் பேசி, எல்லாப் பண்ணையிலயும் கொப்பரையை எடுத்து வரச் சொன்னாங்க. வரிசையா வச்சுப் பார்த்தா ஒண்ணுலயும் குறை இல்லாம இல்ல. ஒண்ணு ஓட்டை, ஒண்ணு விரிசல், வைனி அக்காவுது காலொடிஞ்சது. அந்தக் குழி இருந்த குடிசையோட கொப்பரை எதுன்னு புத்தகத்துல இல்லையாம், எதைன்னு பிடிப்பாங்க? வைனி அக்காவைக் கேட்டாங்கதான். என்னையும் கேட்டாங்க. எல்லாரையும் கேட்டாங்க." அவள் விரலை நக்கினாள். "இப்போ சாயங்காலமானா எல்லாக் கொப்பரையையும் வண்டிக் கொட்டகையில வச்சுப் பூட்டிடறாங்க. காலையிலதான் தருவாங்க."

கெசியா சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். வைனி பிழைத்தாள், ஆனால் அந்த வட்டாரத்துப் பெண்கள் அனைவரும் கொப்பரையை இழந்தார்கள். மகிழ்வதற்கும் முடியாமல் அழுவதற்கும் முடியாமல் அவள் நின்ற அந்த நிலையை நான் வேறெவர் முகத்திலும் கண்டதில்லை.

"அப்போ செபம்?" என்றாள் ட்ரூசில்லா.

"ஏன், சத்தம் வெளிய போகாம கம்பளியைத் தண்ணில நனைச்சு வாசல்ல..."

கெசியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "வேணாம்டி! இங்க எப்பவும் ஒரு மைக்கூடு திறந்தே இருக்கும்" என்று என்னைப் பார்த்தாள். நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். இப்போது அக்கரையில் போர் முடிந்து அடிமை முறையும் ஒழிந்துவிட்டது, எவர் வாசலிலும் குதிரைக்காரர்கள் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை நண்பகலில் அவள் பெண்களை ஆலயத்துக்கு அழைத்தாள். லூவினியாவும் வந்தாள். கெசியாவும் ட்ரூசில்லாவும் துணி வெளுக்கும் கொப்பரையைத் தூக்கி வந்து, கரியைத் துடைத்து, வாசலுக்கு உட்புறம் கவிழ்த்தார்கள். இந்த மண்ணில் அதற்குத் தேவை இல்லை. ஆலயத்தில் ஊரதிரப் பாடினாலும் கேட்பார் இல்லை. கெசியா மரக்கட்டையொன்றை விளிம்புக்கடியில் செருகிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மூப்பரே, நீங்க வெளிய நில்லுங்க. யாரையும் விடாதீங்க."

"என்ன கூட்டம்மா?"

"புத்தகத்துல வராததைச் சொல்லப்போறேன்."

நான் படியில் நின்றேன். கதவு முழுதும் சாத்தவில்லை. ஒரு கையளவு திறந்தே இருந்தது. ஆற்றுக் காற்று வீசிற்று. தொலைவில் எவரோ விறகு பிளக்கும் ஓசை கேட்டது. உள்ளிருந்து ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. ஆகையால் அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத இயலாது.

வெயில் சாயத் தொடங்கியபோது பெண்கள் வெளியே வந்தார்கள். ட்ரூசில்லா என்னைக் கடந்து போனாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லூவினியா கெசியாவின் கையைப் பற்றியிருந்தாள், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது தெரியவில்லை. பிறகு கெசியா திரும்பிப் போய்க் கொப்பரையை நிமிர்த்தினாள். உள்ளே ஒருமுறை குனிந்து பார்த்தாள். திங்கட்கிழமைத் துணிக்கு அது வேண்டும் என்று சொல்லி, ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, மறு காதைப் பிடிக்க ட்ரூசில்லாவைக் கூப்பிட்டாள்.